ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கண் பரிசோதனை: தயாரிப்பு வீட்டிலேயே தொடங்கட்டும்

ஆறு வயதுப் பையன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. மூன்று வயதில் ஆட்டிசம் என்று மருத்துவர்கள் உறுதிப்படுத்தினார்கள். வீட்டில் எல்லாரும் அவனைத் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

தம்பி தொலைக்காட்சிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நிற்பான். படப் புத்தகத்தை மூக்கில் இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். சில சமயம் தலையைச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்ப்பான். யாராவது எதிரே வந்து சிரித்தால் முகம் கொடுக்க மாட்டான். படியில் இறங்கும்போது தயங்கிக் கைப்பிடியைத் தேடுவான். "ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளியிலும் அதையே சொல்வார்கள்.

அது உண்மையாக இருக்கலாம். ஆனால், மேலே சொன்ன ஒவ்வொன்றும் பார்வைக் குறைபாட்டின் அடையாளமாகவும் இருக்கலாம். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தால் எந்தப் பிள்ளையும் அருகே போய்த்தான் பார்க்கும். எதிரே இருப்பவரின் முகம் தெளிவாகத் தெரியாவிட்டால் அவர் சிரிப்பதும் தெரியாது. ஒரு நோய்க்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டால், அடுத்து வரும் குறையையும் அந்தப் பெயரின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பல குறைகள் தாமதமாகத் தெரியவருவதற்கு இது முக்கியமான காரணம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி கண் பரிசோதனை. "இவனை எப்படி அந்த நாற்காலியில் உட்கார வைப்பது?" என்ற அச்சத்தில்தான் பல பெற்றோர் அதைத் தள்ளிப் போடுகிறார்கள். அந்த நாற்காலியில் உண்மையில் என்ன நடக்கிறது, அதற்குப் பிள்ளையை வீட்டிலேயே எப்படிப் பழக்கலாம் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஏன் காத்திருக்கக் கூடாது?

பார்ப்பது கண் மட்டும் செய்யும் வேலை இல்லை. கண் அனுப்பும் படத்தை மூளை படித்துப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் சிறு வயதில்தான் வேகமாக வளர்கிறது. ஒரு கண்ணில் படம் மங்கலாக விழுந்தாலோ, இரு கண்களும் வெவ்வேறு திசையில் நின்றாலோ, மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கத் தொடங்கும். இதைத்தான் 'சோம்பல் கண்' என்கிறோம். கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தும் இதைச் சரிசெய்யலாம். ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். அதன் பிறகும் ஓரளவு பலன் கிடைக்கும். ஆனால் கூடுதல் உழைப்பு தேவைப்படும். மறு கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை எந்தக் குறையும் சொல்லாது. பேசும் பிள்ளையே சொல்லாது என்றால், பேசாத பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மாறுகண்ணும் கண்ணாடி தேவைப்படும் பார்வைக் குறைபாடுகளும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. வேறு இரண்டு காரணங்களும் உண்டு.

முதலாவது, உணவு. வெள்ளைச் சோறு, பொரித்த உருளைக்கிழங்கு, ஒரே வகை பிஸ்கட் என்று இரண்டு மூன்று பொருள்களை மட்டுமே சாப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படிப் பல ஆண்டுகள் சாப்பிட்ட ஆட்டிசப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்து, கண் வறண்டு, பார்வையே பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மாலை மங்கியதும் பிள்ளை தடுமாறினால் அது முதல் அறிகுறியாக இருக்கலாம். உணவுப் பழக்கத்தை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால், வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். அது அளவு மீறினாலும் கெடுதல்.

இரண்டாவது, கண்ணை அழுத்தும் பழக்கம். விரலால் கண்ணை அழுத்துவது, பலமாகத் தேய்ப்பது, தலையைச் சுவரில் முட்டுவது ஆகியவை கண்ணைப் பாதிக்கக்கூடியவை. தொடர்ந்து தேய்ப்பதற்கும் கருவிழி கூம்பு வடிவில் மெலிந்து போவதற்கும் தொடர்பு உண்டு. தலையை முட்டும் பழக்கம் விழித்திரை விலகலுக்கும் காரணமாகலாம்.

சில அறிகுறிகளைக் கண்டால் பயிற்சி, தயாரிப்பு என்று காத்திருக்கவே கூடாது. ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது, கண் திடீரென மாறுகண்ணாவது, கண் சிவந்து வலிப்பது, வழக்கமாக நடந்த இடத்தில் திடீரென இடித்துக்கொள்வது ஆகியவை அந்த அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை

"எழுத்தே தெரியாத பையன், பேசவும் மாட்டான். அவனிடம் எப்படிப் பரிசோதனை செய்வார்கள்?" இதுதான் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி.

கண் பரிசோதனை என்றதும் நம் நினைவுக்கு வருவது சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை. நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862ல் உருவாக்கியது அது. ஆனால், பிள்ளையின் கண்ணுக்கு எத்தனை பவர் கண்ணாடி வேண்டும் என்று அறிய அந்தப் பலகை கட்டாயம் இல்லை.

அதற்கு உதவுவது ரெட்டினோஸ்கோப் என்ற சிறு கைக்கருவி. இந்த முறைக்கு அடித்தளம் இட்டவர் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் குய்ன்யே, ஆண்டு 1873. பரிசோதிப்பவர் ஒரு கை நீளத் தூரத்தில் இருந்து பிள்ளையின் கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கீற்றைச் செலுத்துவார். அது விழித்திரையில் பட்டுத் திரும்பும்போது கண்மணிக்குள் ஓர் ஒளி தெரியும். கருவியை இலேசாக அசைத்தால் அந்த ஒளியும் அசையும். கருவியின் திசையிலேயே அசைகிறதா, எதிர்த்திசையில் அசைகிறதா என்று பார்த்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடிப்பார். எந்த வில்லையில் அசைவு நின்று கண்மணி முழுவதும் ஒரே சமயத்தில் ஒளிர்கிறதோ, அதை வைத்துப் பவரைக் கணக்கிடுவார். பிள்ளை ஒரு சொல்கூடப் பேச வேண்டியதில்லை. சில விநாடிகள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதற்குப் பிடித்த கார்ட்டூனை எதிர்ச் சுவரில் ஓடவிட்டே இதைச் செய்யலாம். சில இடங்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்திலிருந்து புகைப்படம் எடுப்பதுபோல் அளக்கும் கருவியும் உண்டு.

பார்வையின் கூர்மையை அளக்கவும் பேச்சு தேவையில்லை. ஃபின்லாந்துக் கண் மருத்துவர் லேயா ஹூவாரினென் 1976ல் உருவாக்கிய படப் பலகையில் ஆப்பிள், வீடு, சதுரம், வட்டம் என்று நான்கு படங்கள் மட்டுமே இருக்கும். பார்வை மங்கினால் நான்கும் ஒன்றுபோல் வட்டமாகத் தெரியும்படி அவை வரையப்பட்டுள்ளன. பலகையில் காட்டும் படத்துக்கு இணையான அட்டையைப் பிள்ளை தன் மடியில் இருந்து தொட்டுக் காட்டினால் போதும். அதுவும் முடியாத பிள்ளைக்கு, ஒரு பக்கம் கோடுகளும் மறு பக்கம் வெறும் சாம்பல் நிறமும் உள்ள அட்டையைக் காட்டுவார்கள். கோடுகள் தெரிந்தால் கண் தானாக அந்தப் பக்கம் திரும்பும். மெல்லிய கோடுகளுக்கும் திரும்பினால் பார்வை கூர்மை என்று பொருள்.

ஆகவே, இங்கே தம்பி தேர்வு எழுதப் போகவில்லை. ஒருவர் அருகில் வரவும், ஒரு வெளிச்சம் கண்ணில் படவும், ஒரு கண்ணை மூடவும் அவன் சம்மதித்தால் பெரும்பகுதி முடிந்தது. நாம் பழக்க வேண்டியது அந்த மூன்றையும்தான்.

அவனுக்கு எது கடினம்?

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணர்வதில் வேறுபாடு இருக்கலாம். 2013ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர்களின் ஐந்தாம் பதிப்புக் கையேடு இதனை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கண் பரிசோதனை அறையில் இவை எல்லாமே ஒரே இடத்தில் கூடுகின்றன. விளக்கு திடீரென அணைகிறது. அறிமுகமில்லாத ஒருவர் முகத்துக்கு நேராக வருகிறார். கன்னத்தை யாரோ தொடுகிறார்கள். கனமான சட்டம் ஒன்று மூக்கில் உட்காருகிறது. அடுத்து என்ன நடக்கும், எப்போது முடியும் என்று எதுவும் தெரிவதில்லை. இந்த நிலையில் பிள்ளை அலறுவது பிடிவாதம் இல்லை, அச்சம். அடுத்து வருவது தெரிந்துவிட்டால் அச்சம் பாதியாகக் குறையும்.

உங்கள் பிள்ளைக்கு எது தாங்காது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. முடி வெட்டும்போது எதற்கு அழுகிறான்? பல் மருத்துவரிடம் எந்த இடத்தில் எழுந்து ஓடினான்? அந்த விடைகளில் இருந்தே உங்கள் தயாரிப்பைத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு

நம் நாட்டில் அரசு சுகாதாரக் கிளினிக்கில் கடிதம் பெற்று மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் செல்லலாம். கண்ணாடிக் கடைக்குச் செல்வதானால், 1991ஆம் ஆண்டு ஒப்டிக்கல் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஒப்டோமெட்ரிஸ்ட் இருக்கிறாரா, சிறு பிள்ளைகளைப் பரிசோதித்த அனுபவம் அவருக்கு உண்டா என்று கேளுங்கள். கோலாலம்பூரில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் ஒப்டோமெட்ரி கிளினிக்குகளை நடத்துகின்றன.

முன்பதிவு செய்யும்போது தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

• காலையில் முதல் ஆளாக வரலாமா? காத்திருக்கும் நேரம் குறையும்.
• காத்திருக்க நேர்ந்தால் காரிலோ வெளியிலோ இருந்துவிட்டு, அழைத்ததும் வரலாமா?
• பரிசோதனைக்கு முன் ஒருநாள் வந்து, அறையைப் பார்த்துவிட்டு மட்டும் போகலாமா? அறையையும் நாற்காலியையும் படம் எடுத்துக்கொள்ளலாமா?
• கண்ணில் சொட்டு மருந்து விடுவீர்களா? அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ள முடியுமா?

பிள்ளையைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் எழுதி வையுங்கள். எப்படிப் பேசுவான், எந்த மொழி புரியும், எது பிடிக்கும், எது பிடிக்காது, எந்தச் சொல்லுக்கு அமைதியாவான், என்ன மருந்து சாப்பிடுகிறான், வலிப்பு வந்ததுண்டா என்ற ஏழும் போதும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைத்தொலைபேசியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு, 'பார்', 'மூடு', 'முடிந்தது' ஆகிய சொற்களை எந்த மொழியில் சொன்னால் புரியும் என்று எழுதுவது மிக முக்கியம். ஓகேயூ அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டு வாரப் பயிற்சி

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே நாற்காலி. ஒவ்வொரு படியும் முடிந்த உடனே அவனுக்குப் பிடித்தது ஒன்று கிடைக்க வேண்டும். அழுதால் அந்தப் படியை நிறுத்திவிட்டு, நேற்று எளிதாகச் செய்த படிக்குத் திரும்புங்கள்.

1 முதல் 3ஆம் நாள் வரை: நாற்காலியும் எண்ணிக்கையும். நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். பத்து வந்ததும் "முடிந்தது" என்று சொல்லி எழுந்துவிட விடுங்கள். பத்து என்றால் உறுதியாக முடியும் என்ற நம்பிக்கை பிறக்கட்டும். இனி வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை. எனவே, பத்து எண்ணிவிட்டு, "இன்னும் ஒரு தடவை" என்று ஒருநாளும் ஏமாற்றாதீர்கள்.

4, 5ஆம் நாள்: வெளிச்சம். சின்ன டார்ச்லைட்டை முதலில் சுவரில் அடியுங்கள். பிறகு அவன் கையில், பிறகு சட்டையில். அதன் பின் ஒரு கை தூரத்திலிருந்து முகத்தின் பக்கம் ஒரு விநாடி. மங்கலான டார்ச்லைட்டையே பயன்படுத்துங்கள். கைத்தொலைபேசி ஃபிளாஷையோ லேசர் விளக்கையோ கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள். டார்ச்லைட்டை அவன் கையில் கொடுத்து உங்கள் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள்.

6, 7ஆம் நாள்: இருட்டு. அறை விளக்கை அவனே அணைக்கட்டும். பத்து எண்ணியதும் அவனே போடட்டும். சுவிட்சு தன் கையில் இருந்தால் இருட்டு விளையாட்டாகிவிடும்.

8, 9ஆம் நாள்: ஒரு கண்ணை மூடுவது. முதலில் பொம்மையின் கண்ணை மூடுங்கள், பிறகு உங்கள் கண்ணை. பிறகு பிளாஸ்டிக் கரண்டியால் அவன் கண்ணை, மூன்று எண்ணும் வரை. ஒரு கண்ணை மூடும்போது எதிர்ப்பில்லாமல், மறு கண்ணை மூடும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டிவிட்டால் அதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மூடாத கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம்.

10, 11ஆம் நாள்: சட்டமும் மோவாயும். வில்லை இல்லாத பழைய கண்ணாடிச் சட்டத்தை மூன்று எண்ணும் வரை போட்டுக் கழற்றுங்கள். மேசையில் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் மோவாயை வைத்து உங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் உள்ள பெரிய கருவிக்கு இது ஒத்திகை.

12, 13ஆம் நாள்: படம் காட்டும் விளையாட்டு. ஆப்பிள், வீடு, சதுரம், வட்டம் நான்கையும் இரண்டு தொகுதியாக வரைந்து, ஒரு தொகுதியை அவன் முன் பரப்புங்கள். இன்னொன்றை நீங்கள் எட்டி நின்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

14ஆம் நாள்: எல்லாவற்றையும் வரிசையாகச் செய்யுங்கள். அக்காவோ தாத்தாவோ மருத்துவராக நடிக்கட்டும்.

இரண்டு வாரம் என்பது ஒரு கணக்குத்தான். ஒரு படிக்கே ஒரு மாதம் எடுத்தாலும் தவறில்லை. பள்ளியின் சிறப்புக் கல்வி ஆசிரியரிடமோ தெரப்பி தருபவரிடமோ சொன்னால் அவர்களும் அதே படிகளைப் பழக்குவார்கள்.

அவனுக்கு ஒரு கதை

வரப்போவதைச் சிறு கதையாக எழுதிப் படத்துடன் வாசிக்கும் முறையை அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். கதை பிள்ளையே சொல்வதுபோல் இருக்கும். கட்டளைகள் குறைவாகவும் தகவல்கள் அதிகமாகவும் இருக்கும். இப்படி எழுதலாம்:

"செவ்வாய்க்கிழமை நான் அம்மாவுடன் கண் கிளினிக்குப் போவேன். அங்கே ஓர் அக்கா இருப்பார். அவர் என் கண்ணைப் பார்ப்பார். நான் பெரிய நாற்காலியில் உட்காருவேன். அம்மா என் பக்கத்தில் இருப்பார். அக்கா விளக்கை அணைப்பார். அறை கொஞ்சம் இருட்டாக இருக்கும். அக்கா சின்ன வெளிச்சம் காட்டுவார். வெளிச்சம் வலிக்காது. எனக்குப் பிடிக்காவிட்டால் நான் கையைத் தூக்கலாம். அப்போது அக்கா நிறுத்துவார். அம்மா பத்து எண்ணுவார். பிறகு முடிந்துவிடும். நானும் அம்மாவும் வீட்டுக்கு வருவோம். நான் ரயில் பொம்மை விளையாடுவேன்."

உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி பெயரையும் நாளையும் மாற்றிக்கொள்ளுங்கள். கிளினிக்கில் எடுத்த படங்களை ஒட்டுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவார் என்று எழுதும் முன், அதைக் கிளினிக்கில் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். கதை ஒன்று சொல்லி, நடப்பது வேறாக இருந்தால் அடுத்த கதையை அவன் நம்ப மாட்டான்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "டாக்டர் உன் கண்ணை எடுத்துப் பார்ப்பார்" என்று விளையாட்டாகச் சொன்னால்கூட அவனுக்கு அது உண்மையாகிவிடும். "கொஞ்ச நேரம்தான்" என்பதைவிட "பத்து எண்ணும் வரை" நல்லது. நம் வீடுகளில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியத்தை அறவே விட்டுவிடுங்கள்: "சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுடுவாரு." சோறு ஊட்டுவதற்காகச் சொன்ன அந்தப் பயம், கிளினிக் வாசலில்தான் திரும்பி வரும்.

சொட்டு மருந்து

சிறு பிள்ளைகளின் கண்ணில் குவியத்தை மாற்றும் தசை மிகவும் சுறுசுறுப்பானது. அது வேலை செய்துகொண்டே இருந்தால் பவர் தவறாகத் தெரியும். அதனால் அந்தத் தசையைத் தற்காலிகமாக ஓய்வெடுக்க வைக்கச் சைக்ளோபென்டோலேட் போன்ற சொட்டு மருந்தை விடுவார்கள். விட்டவுடன் சில விநாடி எரியும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும். கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள். அன்று பள்ளி வேண்டாம்.

"எரியாது" என்று பொய் சொல்லாதீர்கள். "ஐந்து எண்ணும் வரை எரியும், பிறகு போய்விடும்" என்று சொல்லுங்கள். கண்ணைத் திறக்க மறுக்கும் பிள்ளைக்கு ஒரு வழி உண்டு. மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மூக்கை ஒட்டிய கண் மூலையில் மருத்துவர் சொட்டை விடுவார். பிறகு கண்ணைத் திறந்தால் மருந்து தானாக உள்ளே போய்விடும். இந்த வழியில் விட முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் பழக்கும்போது சுத்தமான தண்ணீரைப் புறங்கையிலும் கன்னத்திலும் மட்டும் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணுக்குள் விட வேண்டாம்.

இந்த மருந்து சில பிள்ளைகளுக்குத் தூக்கத்தையோ தற்காலிகப் படபடப்பையோ தரலாம். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் மருந்து விடும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் வலிப்பு கூடுதலாகக் காணப்படுவதால் இது முக்கியம்.

அந்த நாளில்

பசியோ தூக்கமோ இல்லாத நேரமாகப் பாருங்கள். பிடித்த பொம்மை, காதை மறைக்கும் ஹெட்ஃபோன், கதை அட்டை, குறிப்புத் தாள் ஆகியவை பையில் இருக்கட்டும். பரிசோதனைப் படிகளை ஒரு தாளில் படமாக வரைந்து, ஒவ்வொன்று முடியும்போதும் அவனே அடிக்கட்டும்.

அறையில் ஒருவர் மட்டும் பேசட்டும். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், தாதி ஒரு பக்கம் என்று மூவரும் "இங்கே பார், இங்கே பார்" என்றால் அவன் எங்கும் பார்க்க மாட்டான். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடும்படி கேளுங்கள். தொடாமல் செய்யும் சோதனைகள் முதலில், தொடுபவை அடுத்து, சொட்டு மருந்து கடைசியில் என்ற வரிசை நல்லது. கண்ணில் காற்றடித்து அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், இவனுக்கு அது இன்று அவசியமா என்று கேட்டுவிடுங்கள்.

வெளியே காத்திருக்கும் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று யாராவது முணுமுணுக்கவும் கூடும். அவர்களுக்கு விளக்கம் சொல்வது அன்று உங்கள் வேலை இல்லை. அன்று உங்களுக்கு இருப்பது ஒரே வேலை, அது தம்பி.

பாதியில் நின்றால்

நின்றுவிடலாம், பல பிள்ளைகளுக்கு முதல் நாள் அப்படித்தான் முடியும். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, வெளிச்சம் பார்த்து, அதன் பிறகு அழுது எழுந்துவிட்டால், அன்றைக்கு அது போதும். அவனுக்கு எளிதான ஒரு செயலைச் செய்யவைத்து, பாராட்டி, சொன்ன பரிசைக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வாருங்கள். மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம்.

கையைக் காலைப் பிடித்து அமுக்கிச் செய்தால் அன்றைய வேலை முடியலாம். ஆனால், கண் பரிசோதனை ஒருநாள் வேலை இல்லை. கண்ணாடி போட்டால் ஆண்டுதோறும், சில பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பி வர வேண்டும். அமுக்கிப் பிடித்த நாற்காலியில் அவன் மறுபடி உட்கார மாட்டான். உடனே பார்த்தாக வேண்டிய ஆபத்து இருந்து, எந்த வழியிலும் முடியாவிட்டால், மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பரிசோதிக்கும் முறையும் மருத்துவமனையில் உண்டு. அதன் நன்மை தீமைகளை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

கண்ணாடி தேவை என்று தெரிந்தால், அதையும் இதே முறையில் பழக்கலாம். சட்டத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். மூக்கில் படும் பகுதி மென்மையாக இருக்கட்டும். முதல் நாள் பிடித்த காணொளி ஓடும் ஐந்து நிமிடம் மட்டும் போடுங்கள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கழற்றி எறிந்தால் கோபப்பட வேண்டாம். சட்டம் எங்காவது அழுத்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

பரிசோதனை முடிந்து, தம்பியின் கண்ணில் குறை ஏதும் இல்லை என்றும் தெரியலாம். அப்படியானால், தொலைக்காட்சிக்கு அருகே நிற்பதும் கடைக்கண்ணால் பார்ப்பதும் அவனுடைய இயல்பு என்று இனி நிம்மதியாகச் சொல்லலாம். அல்லது, இத்தனை நாள் அவன் எதிர்ச் சுவரில் இருந்த படத்தையோ, வாசலில் நின்று கையசைத்த தாத்தாவின் முகத்தையோ தெளிவாகப் பார்த்ததே இல்லை என்று தெரியவரலாம். எது உண்மை என்று அவனால் சொல்ல முடியாது. அந்தச் சிறு வெளிச்சத்தால் சொல்ல முடியும். இன்று மாலையே ஒரு நாற்காலியைப் போட்டு, பத்து வரை எண்ணத் தொடங்குங்கள்.